கரியாலூர் வரைக்கும்

அந்த விசில் பித்தளை. வாய் வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து மின்னும். ஒரு மழைக்காலம் முழுக்க அது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் மலைப் பேருந்தில் என் கணவர் கண்டக்டர். விசிலைத் தொடவே அவர் மறுத்த காலம் அது.

மலை வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் பேருந்து பின்னால் போக வேண்டும். கண்டக்டர் இறங்கி, பின்பக்கம் நின்று, இடம் பார்த்து விசில் கொடுப்பார். டிரைவர் அந்தச் சத்தத்தை நம்பித்தான் வண்டியை நகர்த்துவார். பனி மூடிய ஒரு காலையில் இவர் விசில் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் சாலை விளிம்பைத் தாண்டிவிட்டது. ஒரு மரம் வண்டியைத் தாங்கிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இவருக்குத்தான் தூக்கம் போயிற்று. காலையில் வேலைக்குக் கிளம்புவார். பேருந்து நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். இப்படியே போனால் வேலையே போய்விடும் என்று மருத்துவரிடம் கூட்டிப் போனேன்.

தியானம் பழகச் சொன்னார் அவர். பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் வகுப்பு நடந்தது. எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, முடிவில் ஆசிரியர் மணி அடித்திருக்கிறார். இந்த மனுஷர் கண்ணைத் திறக்காமலேயே, "வடக்கனந்தல் எறங்கு, எறங்கு!" என்று கத்திவிட்டாராம். கூடமே சிரித்திருக்கிறது. "இனிமே அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சரி, வூட்லயே குந்துங்க. நானும் கூட குந்துறேன்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? கண்ணை மூடினால் ஊறப்போட்ட உளுந்துதான் தெரியும். அவருக்கோ, மூச்சைக் கவனிக்கப் போனால் மூச்சே முட்டியது. அப்போதுதான் அந்த வடக்கனந்தல் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடியபடி, அவர் பேருந்து போகும் வழியில் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாக மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

அடுப்புப் பற்றவைக்கும் முன் தினமும் எங்கள் வண்டி கிளம்பும். வடக்கனந்தல் என்பேன்; ஆலைக்குப் போற கரும்பு வாசனை அடிக்குது என்பார். கோமுகி அணை என்பேன். "காத்து ஜில்லுனு வருதுடி" என்பார். மலையே ஏறியிராத நான், அவர் சொல்லச் சொல்ல ஏறினேன். ஜன்னல் வழியாக மேகம் வந்து முகத்தைத் தொடும். அடுப்படி, தெரு, குழாயடிச் சண்டை எல்லாம் எங்கோ கீழே சின்னதாகக் கிடக்கும். அப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. ஆனால் அந்த வளைவு வந்ததும் அவர் கண்ணைத் திறந்துவிடுவார். தினமும் அதே இடம்தான்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கண் திறப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எறங்கிப் பாருங்க. பின்னாடி இன்னா இருக்குது?"

மூடிய கண்ணோடு தலையைப் பின்பக்கம் திருப்பினார். "மரம் இருக்குது."

"தாங்கிச்சா இல்லியா?"

"தாங்கிச்சு."

"அப்புறம் இன்னா? ரைட், போலாம்!"

மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கையை நான் விடவில்லை. வாசலில் வெயில் ஏறிய பிறகு, "கரியாலூர் வந்துடுச்சுடி" என்றார். அந்த வாரமே விசிலைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஓய்வு பெறும் வரை அந்த மலையில்தான் ஓடினார்.

இப்போது அவர் இல்லை. விசில் என் மடியில் இருக்கிறது. விடியலில் கண்ணை மூடினால் பேருந்து அதே போலக் கிளம்புகிறது. அவர் எல்லா ஊரையும் கூவுகிறார். வளைவு தாண்டுகிறது, மேகம் முகத்தைத் தொடுகிறது, கரியாலூர் வருகிறது. அவர் இறங்கிக்கொள்கிறார். நாங்கள் இரண்டு பேரும் மலை ஏறிப் பழகினோமே தவிர, ஒருநாள்கூட மலை இறங்கிப் பழகவில்லை. பாவி மனுஷர், அதைச் சொல்லிக்கொடுக்காமலே போய்விட்டார். கொஞ்ச நேரம் காலி வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு அந்தத் தேய்ந்த இடத்தில் வாய் வைத்து, மெல்ல இரண்டு முறை ஊதி, நானே வண்டியைக் கீழே கொண்டுவருகிறேன்.