திறக்கக் கூடாத பாட்டில்

வீட்டின் முன்பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். பின்பக்கத்து இரண்டு அறைகளில் இஸ்திரி அக்கா. சலவைக் கடையில் பகல் முழுக்க நின்றபடி துணி தேய்க்கிற வேலை அவருக்கு. முன்பு அக்காவும் தங்கையுமாக இருந்தார்கள். இரண்டு பேருமே கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவர்கள்தான். போன வருஷம் தங்கை, தலை பாதி நரைத்த பிறகு, ஒருவரைக் கட்டிக்கொண்டு தூரத்து ஊருக்குப் போய்விட்டார். "சிரிச்சுக்கிட்டேதான் அனுப்பி வச்சேன்" என்பார் அக்கா. அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடாது.

தங்கை வைத்துவிட்டுப் போனது வாசல் கேட் ஓரம் நின்ற, கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வருகிற ஹாலி செடி. இலை ஓரமெல்லாம் முள், குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினார். முள் காரைக் கீறுகிறது, மழை முடிந்ததும் செடியை வேரோடு எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பெயர்த்து வைக்க முற்றத்தில் மண்ணே கிடையாது, எல்லாம் சிமெண்டு. அக்கா கத்தரிக்கோலோடு போய்க் கிளை நறுக்கி வந்தார்.

குச்சி வைத்துச் செடி வளர்ப்பது அவருக்குப் புதிதில்லை. ரோஜா, காகிதப்பூ எல்லாம் அவர் ஜன்னலில் சொன்னபடி கேட்கும். ஹாலி அப்படியில்லை, ரொம்பப் பிடிவாதம். பாதி முற்றிய கிளையைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கழற்றி, பட்டையை ஒரு பக்கம் மெல்லச் சீவினார். வேர் பிடிக்க வைக்கிற பொடியில் தொட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தொட்டியில் ஊன்றினார். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியாலேயே தெளித்து, அடி வெட்டிய பெரிய பாட்டிலைக் கவிழ்த்து மூடினார்.

இலை கறுத்து உதிர்ந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் உதிர்ந்தது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு நர்சரிக்காரரிடம் போனார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டிலைத் திறப்பீர்களா என்றார்.

"வேலை விட்டு வந்ததும் திறப்பேன். கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருப்பேன்."

"எதுக்குக்கா?"

அக்கா தரையைப் பார்த்தார். "சும்மாதான். பேசிக்கிட்டிருப்பேன்."

நர்சரிக்காரர் சிரிக்கவில்லை. "வேர் விடாத குச்சிக்கு உள்ள நிக்கிற ஈரம்தான்கா உசுரு. நீங்க திறந்து வச்சுப் பேசப் பேச அது காஞ்சு போகுது. அது பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுடுங்க."

கிளம்பும்போது, பழம் வேண்டுமானால் பக்கத்தில் எங்காவது ஒரு ஆண் செடியும் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லி வைத்தார்.

"நானே இல்லாம இருந்துட்டேன். அதுவும் இருக்கட்டும்" என்றார் அக்கா. அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்றாவது தடவை நாலைந்து குச்சி வைத்தபோது மழை குறைந்துவிட்டது. இதுவும் போனால் வெட்டச் செடி இருக்காது. சாயங்காலம் வந்தால் கை பாட்டிலுக்குப் போகும் என்று பயந்து, விளக்குப் போடும் நேரத்துக்கு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே பிரார்த்தனை செய்வேன். ஒரு குச்சிக்காக ஆண்டவனிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

அக்கா கடையில் இருந்த ஒரு நாளில் செடியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அவர் திரும்பி வரும்போது அந்தக் குழியையும் சிமெண்டு பூசி மூடியிருந்தார்கள். நேரே தன் ஜன்னலுக்குப் போனார். பாட்டிலின் மேல் கை வைத்தபடி நின்றதை முற்றத்திலிருந்து பார்த்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டு எங்கள் படிக்கு வந்தார். "இன்னைக்குக் கொஞ்சம் அதிக நேரம் இருந்துக்கிறேனே" என்றார். அன்று கதவை நான் சாத்தவே இல்லை.

குளிர் தொடங்கிய பிறகு வேர் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு குச்சியாக மெல்ல இழுத்துப் பார்த்தார். எல்லாம் கையோடு வந்தன. கடைசிக் குச்சி மட்டும் வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது.

செடியை எடுத்துவிட்டதைத் தங்கைக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"ஃபோன்ல அவ குரல் ரொம்ப சந்தோஷமா இருக்கு. நடுவுல இது எதுக்கு?"

இனிமேல் திறந்தே வைக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றேன்.

அக்கா பாட்டிலை எடுத்துத் துடைத்து ஓரமாக வைத்தார். "என்ன பேசுவேன்னே மறந்து போச்சு" என்றார்.

மறுநாள் விளக்குப் போடும் நேரத்துக்கு எங்கள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.