நிலமே இல்லாதவரின் இரண்டு ஏக்கர் சேதம்

1. பிளாஸ்டிக் கவர்

ரிவ்யூவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பவானி என் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தாள். உள்ளே ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சில வீடுகளின் பட்டா பாஸ்புக் ஜெராக்ஸ்கூட.

"இதெல்லாம் யாரும்மா கேட்டது?"

"யாரும் கேக்கல மேடம். ஃபார்மோட சேத்து ஊர்க்காரங்களே குடுத்தாங்க. வேணாம்னு சொன்னா கோச்சிக்குவாங்கன்னு வாங்கி வெச்சிக்கினேன்."

நான் திருப்பதியில் ஒரு சிறிய டிரஸ்ட்டில் ஃபெல்லோஷிப் கோஆர்டினேட்டர். படிப்பு முடித்து ஓரிரு வருஷமே ஆன ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வருஷம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து, காட்டோர ஊர்களுக்கு அனுப்பிவைப்போம். ஆறாம் மாதம் ரிவ்யூ. கமிட்டிக்குத் திருப்தி இல்லையென்றால் அத்தோடு சரி.

பவானி நகரி விசைத்தறிக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ். கைக்கு வந்த கம்பெனி வேலையை உதறிவிட்டு எங்களிடம் வந்தவள். இந்த ஒரு வருஷ வேலையை வைத்துத்தான் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். பாதியில் நின்றால் அவளுக்கு அதுவும் போச்சு, இதுவும் போச்சு.

அவளுடைய தலைப்பு, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் பக்கத்து ஊர்களில் நிலக்கடலையிலும் கரும்பிலும் இறங்கும் காட்டுப்பன்றி. அதைத் தடுக்கக் கட்டும் சுருக்குக் கம்பியில் வேறு என்னென்ன மாட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பி கட்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஊருக்கும் தெரியும்.

படிவத்தைத் தயாரித்தது நான். ஃபெல்லோஷிப் வேலைக்கு வருமுன் பல வருஷம் திட்டக் கணக்கெடுப்புகளில் இருந்தவள். பெயர், தகப்பனார் பெயர், ரேஷன் கார்டு நம்பர், சர்வே நம்பர், பரப்பு, சேதம், கடைசியில் கையெழுத்து. எல்லாம் நல்ல தெலுங்கில். என் ஃபார்மில் ஒரு கட்டம்கூட வீணாகாது என்று ஃபெல்லோக்களிடம் பீற்றிக்கொள்வேன்.

அன்று அந்தப் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சேதம்: முழுவதும். கம்பி கட்டுவீர்களா: இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. பன்றி தின்றது போக ஊரில் ஒரு கடலைகூட மிச்சமில்லை, ஒரு முழம் கம்பியும் இல்லை.

பவானி ஒரு படிவத்தை உருவி எடுத்தாள். அதில் இருந்தவரின் பெயரை மாற்றி இங்கே கன்னியப்பன் என்கிறேன். நிலக்கடலை, இரண்டு ஏக்கர், முழுச் சேதம்.

"இவருக்கு நிலமே இல்ல மேடம். கூலிக்குப் போறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எல்லையோர ஊர்களில் வீட்டிலும், கொல்லை என்று அவர்கள் சொல்லும் வயலிலும் பேச்சு தமிழ்; தெலுங்கில் வருவது சர்க்கார் தாள்தான். தெலுங்கில் அச்சடித்த தாள் கையில் ஒருத்தி வந்து, சர்வே நம்பர் கேட்டு, கையெழுத்தும் வாங்கினால் அது நஷ்டபரிகாரத்துக்கான தாள். வேறு எதுவாக இருக்க முடியும்? நாங்கள் ஆராய்ச்சி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஊர் மனு போட்டுக்கொண்டிருந்தது.

என் புத்தி கணக்கெடுப்புப் புத்தி. "சந்தேகமா இருக்கறதை எல்லாம் கழிச்சிடு. மொதல்ல இந்த ரெண்டு ஏக்கர்காரரைத் தூக்கு. மிச்சத்தை வெச்சு ரிப்போர்ட் எழுது" என்றேன்.

"மிச்சம் மட்டும் நிஜம்னு எப்பிடி மேடம் சொல்றது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. "மொதல்ல இந்த ஜெராக்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்" என்று கவரைத் தூக்கிக்கொண்டாள். ரிவ்யூவை வைத்துக்கொண்டு இது தேவையா என்று எரிச்சல் வந்தது. இருந்தாலும் மறுநாள் நானும் கூடப் போனேன்.

2. திட்டு வாங்கிய நாள்

முதல் வீட்டு மங்கம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"நாலு மாசமா வந்துக்கினு போய்க்கினு இருந்தே. எங்க ஊட்டு மோரு குடிச்சே. இப்போ ஒண்ணும் வராதுன்றியே, நல்லா கீதா இது?"

"தப்பு எங்களுதுதான்க்கா. இது கவர்மென்ட்டு ஃபார்ம் இல்லன்னு மொதல் நாளே சொல்லியிருக்கணும். இந்தாங்க உங்க ஜெராக்ஸ்."

இப்படி வீடு வீடாகத் திட்டு. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பவானி அசரவில்லை. தாளைக் கொடுப்பாள், தப்பு என்பாள், அடுத்த வீட்டுக்கு நடப்பாள்.

கன்னியப்பன் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஜெராக்ஸை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எம் பேரு இன்னமும் உங்கிட்ட கீதாம்மா?"

"ஃபார்ம்ல இருக்குதுண்ணா. இப்பவே கிழிச்சிடறேன், பாருங்க."

கிழித்தாள். என் ஃபார்ம் நாலு துண்டாகக் கரும்புச் சோகையில் விழுந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்தார்.

"இப்போ கேளு. இந்த ஊர்ல பாதிக் கொல்லைக்குக் கம்பி கட்றவனே நான்தான். கூலிக்குக் கூப்புடுவாங்க, போயி கட்டிட்டு வருவேன்."

"பன்னி மாட்டுதாண்ணா?"

"எங்க மாட்டுது? அது பாட்டுக்குத் துன்னுட்டுப் போய்க்கினே கீது. மாட்றது நாயி, நரி, முசலு. போன வாட்டி எங்க ஊட்டு ஆடே மாட்டிக்கிச்சு."

"அப்பறம் ஏன்ண்ணா கட்றீங்க?"

"கட்டலன்னா எனக்குக் கூலி இல்ல. கட்டச் சொல்றவங்களுக்கும் வேற வழி தெர்ல."

ரெண்டு ஏக்கர் என்று ஏன் எழுதச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். சிரித்தார். "எல்லாரும் எழுதுனாங்க. நான் மட்டும் நிலம் இல்லாதவன்னு எழுதிக்கினு இன்னாத்துக்கு?"

அடுத்த ஆறு நாளும் பவானி அங்கேயே இருந்தாள். கம்பி கட்டும் இடம், சிக்கும் விலங்கு, கட்டும் மாதம் எல்லாம் அவர் சொல்லச் சொல்லப் பேர் போடாமல் நோட்டில் எழுதினாள்.

3. ரிவ்யூ

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர், கறாரானவர்.

"செல்லுபடியாகற ஃபார்ம் எத்தனைம்மா?"

"ஒண்ணும் இல்ல சார்."

நான் எழுந்தேன். "அந்த ஃபார்ம் நான் போட்டது சார். தப்பு என்னுது." அவர் என்னைக் கையமர்த்திவிட்டு, பவானி நீட்டிய நோட்டைப் புரட்டி, அவளிடமே கேட்டார்.

"கம்பி கட்டறவரோட பேரும் ஊரும் சொல்லுங்க. வெரிஃபை பண்ணணும் இல்லையா?"

"இடத்தைக் காட்டறேன் சார், கம்பி கிடந்த தடம் இருக்குது. அவர் பேரு மட்டும் சொல்ல மாட்டேன். அதுக்காக ஃபெல்லோஷிப்ப நிறுத்தினாலும் பர்வாலேது."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

அரைமணி நேரம் எங்களை வெளியே நிற்கவைத்தார்கள். முடிவு இரண்டுக்கு ஒன்று. மீதி ஆறு மாதமும் கிடைத்தது. எதிர்த்தவர் தலைவர்தான், அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. பவானி வெளியே வந்து, "சரே மேடம், நாளைக்குக் காலைல பாலசமுத்திரம் பஸ்ஸு" என்றாள். நான்தான் அழுதேன்.

இப்போது எங்கள் ஃபெல்லோக்கள் ஊருக்குள் போய்ச் சொல்லும் முதல் வாக்கியம் இது: "எங்களால உங்களுக்கு எதுவும் வாங்கித் தர முடியாது." சில வீடுகளில் அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தட்டும். திறக்கிற வீட்டில் பேச்சு பேச்சாக இருக்கிறது.

ஆனால் நான் கற்றது அது மட்டுமல்ல. அன்று பவானி என் பேச்சைக் கேட்டிருந்தால் முதலில் கழிந்துபோயிருப்பவர் கன்னியப்பன். விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். கணக்கெடுப்புக் காலத்திலிருந்து அப்படி எத்தனை பேரைக் கழித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர்களை இனிமேல் தேடிப் பிடிக்கவும் முடியாது. அதனால் இப்போது யார் ஃபீல்டிலிருந்து வந்தாலும், பொருந்தாத பதில் சொன்ன வீடு எது என்று கேட்கிறேன். மறுநாள் காலை முதலில் அந்த வீட்டுக்குத்தான் அனுப்புகிறேன்.