பச்சையை மட்டும் அழி

காலையில் ஸ்டுடியோவுக்கு வந்ததும், தோளில் தொங்கும் பையைக்கூட இறக்காமல், கறுப்புத் திரையில் இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டுவாள். கோப்புகளின் பட்டியல் மளமளவென்று இறங்கும். வீடியோக்கள் நீலத்தில், கேமராவிலிருந்து வந்த மூலப் படங்கள் சிவப்பில், வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிப் பிரதிகள் பச்சையில். மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. "ம், எல்லாம் வீட்டுலதான் இருக்கு" என்ற பிறகுதான் உட்காருவாள்.

அந்தப் போட்டோ ஸ்டுடியோவின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் இவள்தான். எல்லோருக்கும் கலர் அக்கா. எந்த வகைக் கோப்புக்கு எந்த நிறம் என்று கணினிக்கு எழுதி வைத்தவளும் இவளே. "பேரைப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்தா பொழுதுதான் போகும். நிறத்தைப் பாரு, வேலையை முடி" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் உபதேசம் செய்வாள். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆனால் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒருநாள் கணினி வட்டில் இடம் தீர்ந்துவிட்டது. அவளோ பல் மருத்துவரிடம் காத்திருந்தாள். ஸ்டுடியோவின் கேமராமேன் அவள் கொழுந்தன். அவனைப் போனில் பிடித்தாள். "தம்பி, பச்சையை மட்டும் அழி. சிவப்பைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

வந்து பார்த்தால் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒரு கல்யாணமே காணாமல் போயிருந்தது. நல்லவேளை, கேமரா கார்டில் படங்கள் பத்திரமாக இருந்தன. போன உயிர் திரும்பியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "அண்ணி, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். வெளியில சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எவன் என்னை நம்பிக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?"

அவன் எடுக்கும் படங்களுக்காகத்தான் ஆட்கள் தேதி கேட்டுக் காத்திருக்கிறார்கள். "நல்ல கமுக்கம்டா நீ" என்று மட்டும் சொல்லிவிட்டு, விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். "உனக்கு எது பிரிஞ்சு தெரியுதோ, அதைப் போடு."

அவன் தேர்ந்தெடுத்த மஞ்சளும் நீலமும் வெள்ளையும் அவளுக்குச் சகிக்கவில்லை. இருந்தும் எல்லாக் கணினிகளுக்கும் அதையே ஏற்றினாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கும்மா மாத்தினே?" என்று முதலாளி கேட்டார்.

"பழைய கலர் என் கண்ணுக்கு ஒத்துக்கலை சார்" என்று சொல்லி, இரண்டு கண்களையும் நன்றாகக் கசக்கிக் காட்டினாள்.