சைக்கிளில் ஒரு வாய்த் தண்ணீர்

சைக்கிள் கடைக்காரனுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் வீட்டுக் கவலையையும் சேர்த்து ஒட்டத் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு கடை வைத்து, ஊர் நியாயம் கேட்டே காது தேய்ந்துபோனவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது புரியும்.

எழுபதுகளில் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் நானும் என் மனைவியின் தம்பி கபூரும் சைக்கிள் கடை நடத்தினோம். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் குமாரசாமி. திருநெல்வேலிப் பக்கம். கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. பகலெல்லாம் குனிந்து கோடு போட்ட மனிதருக்குச் சாயங்காலம் ஆனால் கால் சும்மா இருக்காது.

வட்டாரத்து இளைஞர் மன்றம் ஒன்று வருஷா வருஷம் ஒரு பந்தயம் வைக்கும். மாமல்லபுரத்தில் கடலில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு சைக்கிளில் செங்கல்பட்டு வந்து, ஏரிக்கரையில் ஓடி முடிக்க வேண்டும். சித்திரை வெயில், வாயெல்லாம் கடல் உப்பு. வழியில் யாரும் தண்ணீர் நீட்டக் கூடாது என்பது விதி. இறங்கிக் குடித்தால் நேரம் போய்விடும் என்று போன வருஷம் குமாரசாமி குடிக்காமலே மிதித்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மயங்கி விழுந்துவிட்டார்.

இந்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், அவர் மனைவி சரோஜா அவரையும் சைக்கிளையும் நேரே எங்கள் கடைக்குக் கூட்டிவந்தார். "இறங்காமலே குடிக்கதுக்கு ஒரு வழி பண்ணுங்க பாய். இல்லன்னா இந்த சைக்கிள நீங்களே வச்சுக்கிடுங்க."

கூஜா

முதல் யோசனை சரோஜாவுடையது. ரயில் பயணத்துக்கு எடுத்துப்போகிற எவர்சில்வர் கூஜாவைக் கொண்டுவந்தார். ஹேண்டில் பாரில் கொக்கி போட்டு மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மிதிக்கத் தொடங்கியதும் கூஜா ஆடி ஆடி முட்டியில் இடித்தது. இடிக்கிற ஒவ்வொரு முறையும் 'டங்' என்று ஒரு சத்தம்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி வரச் சொன்னோம். போனவர் வரவில்லை. என்னவென்று போய்ப் பார்த்தால், ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை மறித்துக்கொண்டு ஓர் அம்மாள் பாத்திரத்தோடு நிற்கிறாள். குமாரசாமி என்ன சொல்லியும் அவள் விடுவதாக இல்லை. "இன்னாய்யா இது, பால் ஊத்துற நேரமா? வூட்ல எல்லாரும் காப்பி இல்லாம குந்திகினு கீறாங்க!"

பட்டாளத்து டப்பா

அடுத்தது கபூரின் கைவரிசை. சென்னைக்குப் போனவன் மூர்மார்க்கெட்டில் பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் கட்டுகிற தண்ணீர் டப்பா ஒன்றை வாங்கிவந்தான். அது ஆடாது, இடிக்காது. ஆனால் ஒரு கையால் அதை எடுக்க வேண்டும், பல்லால் மூடியைத் திருக வேண்டும், அண்ணாந்து குடிக்க வேண்டும். அண்ணாந்தால் ரோடு தெரியாது. இதை நாங்கள் யோசிக்கவில்லை.

குமாரசாமி ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்த்தார். சரோஜாவும் நானும் ஓரமாக நின்று கவனித்தோம். முதல் மடக்குக்கே சைக்கிள் கோணிக்கொண்டு போய், எதிரே வந்த வைக்கோல் வண்டிக்குள் பாதி புதைந்தது. நல்லவேளை, அடி இல்லை. வண்டிக்காரர் இறங்கி வந்து, கையில் டப்பாவோடு கிடந்தவரை மேலும் கீழும் பார்த்தார். மதுவிலக்கு பேச்சு ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்த காலம். "காத்தாலயே போட்டுகினு வண்டி ஓட்றியே நைனா, உன் வூட்டம்மாவுக்குத் தெரியுமா?"

குப்பி

மூன்றாவது ஏற்பாடு என் சொந்த மூளை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், மேலே கேளுங்கள்.

தெரிந்த கம்பவுண்டர் ஒருவரிடம் குளுக்கோஸ் ஏற்றுகிற கண்ணாடிக் குப்பியும் ரப்பர் குழாயும் கேட்டு வாங்கினேன். வெந்நீரில் அலசினேன். ஹேண்டில் பாரில் ஒரு கம்பியை நட்டு, குப்பியைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். குழாயின் நுனி வாய்க்கு நேராக வரும், கிளிப்பைத் தளர்த்தினால் தண்ணீர் தானாக இறங்கும். கையை எடுக்க வேண்டாம், அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். குமாரசாமிக்கு ஒரே சந்தோஷம். கடைவாசலிலேயே வட்டம் போட்டு ஓட்டினார். அந்த வழியாக வந்த பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டி, "சார், ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது! திரும்பு!" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. கபூர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானும்தான்.

சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். குமாரசாமி அதைக் கவனித்து, சைக்கிளை நிறுத்தி இறங்கினார். சரோஜா என் பக்கம் திரும்பிச் சொன்னார். "போன வருசம் ஆஸ்பத்திரியில இதே மாதிரி குப்பி சொட்டுச் சொட்டா இறங்கினதப் பாத்துக்கிட்டுதான் பாய் உக்காந்திருந்தேன். கழட்டிருங்க."

ஊக்கு

அன்றைக்கு அவர்கள் இருவரும் கடையிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். சத்தமில்லாத சண்டை. இனி பந்தயமே வேண்டாம், பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார் குமாரசாமி. அவர் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆபீஸ் விட்டு வந்து சைக்கிள எடுக்கும்போதுதான் உங்க மூஞ்சியில ஒரு களை வருது. அத நான் பறிச்சுக்கிட்டு என்ன செய்யப்போறேன்? குப்பிதான் வேண்டாங்கேன், குழாயா வேண்டாங்கேன்?" என்றார்.

அந்த வார்த்தையில் எங்களுக்கு வழி பிறந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தோளில் மாட்டுகிற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினோம். ஹேண்டில் பார் நடுவில் அது அசையாமல் நிற்கக் கபூர் ஒரு கம்பிக்கூடு முடைந்தான். மூடியில் துளை போட்டுப் புதுக் குழாயை அடிவரை இறக்கி, சுற்றிலும் பஞ்சர் சொலுஷனால் அடைத்தேன். காற்றுப் போக இன்னொரு சின்னத் துளை. இனி உறிஞ்சினால் போதும். குழாய் காற்றில் பறந்து கண்ணில் குத்தியதற்குச் சரோஜாவே மருந்து கண்டுபிடித்தார். தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, குழாயைக் கணவரின் பனியனோடு சேர்த்துக் குத்திவிட்டார்.

குமாரசாமி ஆசையாக ஓர் இழுப்பு இழுத்தார். முகம் எட்டுக் கோணலாகப் போனது. "தண்ணி வருது பாய். ஆனா பஞ்சரும் சேர்ந்து வருது."

அந்தோணி

பந்தயத்தில் எல்லாரும் பயப்படுகிற ஆள் கோவளத்து அந்தோணி. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவன்; கடலில் அவனை முந்த முடியாது. பந்தயத்துக்கு முன்னால் செயினுக்கு எண்ணெய் விட எங்கள் கடைக்கு வந்தான். கம்பிக்கூட்டையும் குழாயையும் பார்த்தான். குமாரசாமியையும் பார்த்தான். கேலி செய்யப்போகிறான் என்று நாங்கள் தயாரானோம். அவனோ குனிந்து, மூடியை ஆட்டிப் பார்த்து, குழாயை விரலால் சுண்டிப் பார்த்து, மரியாதையாகவே கேட்டான். "எல்லாம் ஷோக்கா கீது அண்ணாத்த. தாலாட்டு யாரு பாடுவாங்க?"

திருக்கழுக்குன்றம் தாண்டி

பந்தய நாளில் கடையைச் சாத்திவிட்டு, போன வருஷம் குமாரசாமி விழுந்த அதே இடத்தில் போய் நின்றோம். சரோஜா புளியமர நிழலுக்குக்கூட வரவில்லை, ரோட்டோரத்திலேயே நின்றார். முதலில் அந்தோணி வந்தான். உதடு வெடித்து, உப்பு பூத்து, யாரையும் பார்க்காமல் போனான். பிறகு இன்னும் மூவர். பிறகு ரோடு காலியாகக் கிடந்தது. கானல் மட்டும் ஆடியது. கபூர் என் காதில், "இன்னா மச்சான், ஆளக் காணோமே?" என்றான். சரோஜாவுக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

கடைசியில் வளைவில் ஒரு தலை தெரிந்தது. வாயில் குழாயோடு, குழந்தை மாதிரி உறிஞ்சிக்கொண்டே வந்தார் மனிதர். எங்களைப் பார்த்து மணி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். சரோஜா அப்படியே ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தோணிதான் ஜெயித்தான். குமாரசாமி ஐந்தாவது. ஏன் அவ்வளவு தாமதம் என்று ஏரிக்கரையில் கேட்டபோது, சரோஜா காதில் விழாத தூரத்துக்கு என்னை இழுத்துப் போய்ச் சொன்னார்: தண்ணீர் தாராளமாக வந்ததால் தாராளமாகவே குடித்துவிட்டாராம், வழியில் பனைமரத்து மறைவாகப் பார்த்து மூன்று தடவை இறங்க வேண்டியதாயிற்றாம். சரோஜா எப்படியோ ஊகித்துவிட்டார். சிரிப்பும் அழுகையுமாக அவர் சொன்னது இது: "எத்தன தடவ இறங்கினா என்ன பாய், இந்த வருசம் அவுகளா இறங்கி, அவுகளா ஏறினாகல்லா?"

தண்ணீர் உள்ளே போவதற்கு வேண்டுமானால் சைக்கிள் கடையில் வழி செய்து கொடுக்கலாம். அது வெளியே வருவதற்கு ஆண்டவன் விட்ட வழிதான்.