திங்கட்கிழமை திறந்த பிளாட்டர் அறை

விசுவாசத்தில் என் உடன்பிறப்புகளே, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்தேன். ஆனால் முதலில் என் எரிச்சலைச் சொல்லியாக வேண்டும்.

1988 ஆகஸ்ட். நான் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் என்ற ஊர்க்காரன். சென்னையில் ஆராய்ச்சி மாணவன். ஏரித் தண்ணீரின் உப்பை அளக்க ஒரு கருவி செய்து, கட்டுரை எழுதியிருந்தேன். பெங்களூர் ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கருவியின் சர்க்யூட் படத்தை மட்டும் திருப்பித் திருப்பி அனுப்பியது. கட்டுரை வராவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவே ரத்தாகிவிடும்.

கம்ப்யூட்டர் திரையில் படம் அழகாகத்தான் இருந்தது. பிரிண்டரில் எடுத்தால் கோடெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக வந்தது. அச்சுக்கு ஆகாது என்றார்கள். பேனாவைப் பிடித்துத் தானே வரையும் பிளாட்டருக்கு ஃபைலை மாற்றினேன். ஒயர்கள் சேரும் இடத்துப் புள்ளிகளை அது விழுங்கிவிட்டது. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை புள்ளிகள் வந்தன. பாதிப் படத்தில் பேனா மை காய்ந்துபோனது. கையால் வரையலாம் என்றால் என் கோடு நண்டு நடை. தலையில் அடித்துக்கொண்டேன்.

துறைக்கு ஒரே பிளாட்டர். யாருக்கு எந்தக் கிழமை என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு வியாழக்கிழமை, இரண்டு மணி நேரம். படம் போய்ச்சேரக் கடைசி நாளோ அதற்கு முந்தின புதன்கிழமை.

ஞாயிறன்று ஊரில் என் நைனாவிடம் புலம்பினேன். எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அதைப் பாடு என்போம். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்கினால் பஞ்சாயத்துதான்.

"ஒம் பாடு வர்ற வரிக்கும் காத்துனு இரு. அடுத்தவன் பாட்டுல கை வெக்காத, இன்னா?" என்றார் நைனா.

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. திங்கட்கிழமை எங்கள் துறைப் பேராசிரியர் ஜெயந்தி மேடத்தின் முறை. இரண்டு மாதமாக அவர் அந்த அறையைத் திறக்கவே இல்லை. அறை பூட்டியே கிடந்தது. அன்றும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஜெபமா அது? சண்டை. "ஆண்டவரே, சும்மா கிடக்கிற மெஷினைக் காட்டி ஏன் என்னை வதைக்கிறீர்?" சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் மேடம் நிற்கிறார். என்றோ உள்ளே விட்டுப்போன நோட்டை எடுக்க வந்தவர்.

"என்னப்பா, இங்க உக்காந்து அழுவுற?"

எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சாவி என் பையில சும்மாத்தானே கெடக்குது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா தந்திருப்பேனே!"

"ஒங்க முறையாச்சே மேடம்... அதான் கேக்கல."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாவியைக் கையில் வைத்தார்.

புதுப் பேனா போட்டேன். ஒரு புள்ளி விடாமல் படம் வந்தது. மாலையே ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். புதன்கிழமை சேர்ந்துவிட்டது. கட்டுரையும் வந்தது. ஸ்தோத்திரம்!

இரண்டு மாதம் தேவனிடம் மன்றாடினேன். இரண்டு அறை தள்ளி இருந்த மேடத்திடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. என் கூச்சம் தெரிந்த ஆண்டவர், நான் தேடிப் போகாதவரை என்னிடமே கூட்டி வந்தார். இன்று அந்த அறைச் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் நானே போய் விசாரிக்கிறேன்.

நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். கண்ணீரோடு ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் எழுந்துபோய்க் கதவைத் தட்டுங்கள். என்னைப்போல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.