அந்தக் கோச்சியில் கக்கூஸ் இருந்ததா

1975 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. மெல்பேர்ணில் தூறல், இரண்டு ஸ்வெட்டர் போட்டும் முழங்கால் குளிர்ந்தது. நகரத்துக்குப் போகும் சிவப்பு ரயிலில் ஏறியதும் எங்கள் மகள் தன் தாயிடம், "அம்மா, இதிலை ரொய்லெற் இல்லை. முக்கால் மணித்தியாலம் பொறுப்பியளோ?" என்று கேட்டாள்.

அவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது. என் மனைவி தொடங்கிவிட்டாள்.

"உங்கட அப்பா லண்டனிலை என்னைக் கோச்சியிலை ஏத்தி, ரெண்டரை மணித்தியாலம் கக்கூஸ் இல்லையெண்டு இருத்தி வைச்சவர். இருந்தது பிள்ளை. வெள்ளைக்காரரிட்டைக் கேக்க வெக்கம். அதுதான் இல்லையெண்டவர்."

கோச்சி என்றால் அவளுக்கு ரயில். நடந்தது 1938இல். கலியாணமாகி ஏழாவது மாதம்; நான் கணக்காளர் சோதனைக்கு அங்கே படித்துக்கொண்டிருந்தேன். கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். இந்தக் கதையை அவள் சொல்ல நான் கேட்டது அன்றோடு நாற்பத்தொரு தடவை. என் மேலதிகாரியின் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். வெட்கம் கெட்டவன் என்றாலும் பொறுக்கலாம். வெட்கப்பட்டுப் பெண்சாதியை வதைத்தவன் என்ற பெயரை முப்பத்தேழு வருடம் சுமந்துவிட்டேன். எழுத்தில் ஆதாரம் எடுத்துக் காட்டுவது என்று அந்த ரயிலிலேயே தீர்மானித்தேன்.

ஒரு தேவாலயத்தின் பின்னறையில் ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்று வியாழக்கிழமைகளில் கூடியது. இங்கிலாந்துப் பழைய ரயில்களின் தாள்களை அங்கே பார்த்துக்கொண்டவர் ஓர் ஆங்கிலேயர். சந்தா கட்டாமல் வாயே திறக்கமாட்டார். கட்டினேன். ஊரையும் வருடத்தையும் சொல்லிக் கேட்டேன்.

"அந்த ரயிலில் கழிவறை இருந்ததா?"

"கோடையா, குளிர்காலமா?"

"கோடை."

"கிழமை நாளா, சனியா?"

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை கேட்க வந்தவனுக்கு இது என்ன குறுக்கு விசாரணை! ஆனால் விஷயம் அப்படித்தான். அக்காலத்தில் சில பெட்டிகளில் ஓரமாக நடைபாதையும் கோடியில் கழிவறையும் இருக்கும். வேறு சிலவற்றில் ஒவ்வோர் அறைக்கும் மேடைக்குத் திறக்கும் தனிக்கதவு. உள்ளே வழி கிடையாது, அடுத்த நிலையம் வரை சிறைதான். எந்த நாளில் எந்த ரயிலில் எவ்வகைப் பெட்டி என்று ஊழியருக்காகப் பட்டியல் அச்சிடுவார்கள்.

"சனி," என்றேன். வேலை நாளில் நான் எங்கே ஊர் சுற்றினேன்? அவர் இங்கிலாந்தில் ஒருவரின் விலாசம் தந்தார். காசுக்கட்டளை அனுப்பி ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல், காத்திருந்தேன். பட்டியலின் பிரதி வந்தது: சனிக்கிழமை ரயில் முழுவதும் கழிவறை இல்லாத பெட்டிகள். குசினிக்குள் ஏறக்குறைய ஓடினேன்.

"இஞ்சரும், வாசியும் இதை!"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "சனியெண்டு ஆர் சொன்னது? சனியெண்டால் நான் சாப்பிட்டெல்லோ இருப்பன். வெள்ளி விரதம். காலமை தொடக்கம் தேத்தண்ணிதான் குடிச்சனான், மூண்டு கோப்பை. பிறகேன் எனக்கு முட்டினது?"

விரதத்தோடு வாதாட முடியாது. என் சோதனை வியாழன் முடிந்தது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கிழமை நாளா என்று நான் அன்றைக்கே கேட்டேனே!" என்று சங்கத்துக்காரர் கடிந்துகொண்டார், ஏதோ நான் அவருடைய ரயிலைத் தடம் புரட்டியதுபோல. மறுபடி காசுக்கட்டளை, மறுபடி பதினொரு கிழமை.

வெள்ளிக்கிழமை ரயிலில் மூன்று பெட்டிகள். நடுப்பெட்டியில் கழிவறை உண்டு. ஆனால் அதன் எட்டு அறைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்குக்கு மட்டுமே உள்ளிருந்து அதற்கு வழி. வரைபடமும் அனுப்பியிருந்தார்கள். இப்படி ஒரு பெட்டியைக் கட்டிய மனிதன் என் கையில் அகப்படவேண்டும்!

படத்தை மேசையில் விரித்தேன். இஞ்சின் புகைக்குப் பயந்து நடுப்பெட்டியில் ஏறியதை அவளே சொன்னாள். எங்கள் அறையில் இருபுறமும் சுவர் என்பதையும் ஒத்துக்கொண்டாள்.

"பார்த்தீரோ? எங்கட அறையிலை இருந்து போக வழியே இல்லை. நான் சொன்னது சரி."

"ஓம், சரி." அவள் கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தாள். "வழி இருக்கிற அறை எங்கட அறைக்கு எவ்வளவு தூரம்?"

"அடுத்தது."

"கோச்சி இடையிலை எத்தினை தரம் நிண்டது?"

தாளில் அதுவும் இருந்தது; கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. "ஒன்பது."

"ஒன்பது தரம் நிண்டிருக்கு. இறங்கி அடுத்த கதவாலை ஏறினாப் போதும். ஒரு தரமாவது ஒருத்தரிட்டை வாய் திறந்து கேட்டனீங்களே?"

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்குமாம். அன்று மாலையே மகளுக்குத் தொலைபேசியில் நாற்பத்திரண்டாவது தடவை கதை சொல்லப்பட்டது. இம்முறை அதில் 'ஒன்பது' சேர்ந்திருந்தது. 'எழுத்தில் இருக்கு' என்பதும் சேர்ந்திருந்தது.

சங்கச் சந்தா எட்டு டொலர். இரண்டு பிரதிகளும் காசுக்கட்டளையும் தபாலும் பதினெட்டு டொலர் எண்பது சதம். வியாழக்கிழமைப் பயணங்கள் பதினொரு டொலர் அறுபது சதம். ஆகமொத்தம் முப்பத்தெட்டு டொலர் நாற்பது சதம்.