கடதாசியைக் கையில் எடுக்க முன்

பிஸ்கற் வந்த தகரப்பெட்டி ஒன்று எங்கள் லாஞ்சின் இருக்கைக்குக் கீழே கிடக்கிறது. உள்ளே சீட்டு விளையாடுகிற முப்பத்திரண்டு கடதாசிகள். முந்நூற்றிநாலு என்கிற ஆட்டத்துக்கு அவ்வளவும் போதும். உப்புக்காற்றில் ஓரங்கள் ஊதிப்போய்விட்டன. போன கிழமை, இந்த லாஞ்சை ஓட்டின சுக்கானியாரின் மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்து, "அண்ணை, அப்பா விளையாடின கடதாசி இருக்கோ? வரேக்க நான் எடுக்கிறன்" என்று கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சின்ன விசயத்துக்கே நெஞ்சு இடிக்கிற ஆள் நான். இது சின்ன விசயமும் இல்லை.

துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது எங்கள் வேலை. லாஞ்சில் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேர் நின்றால் போதும், மற்ற இருவர் வீட்டுக்குப் போகலாம். யார் போவது என்பதைச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடதாசிதான் தீர்மானிக்கும். வென்ற சோடிக்கு லீவு. எதற்காகப் போகவேண்டும் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. சொன்னால் நல்லாய் அழத் தெரிந்தவனுக்குத்தான் லீவு கிடைக்கும் என்று சுக்கானியார் வைத்த சட்டம் அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, அவருடைய சட்டங்கள்தான் ஒழுங்காகப் பாடமான பாடம்.

கடதாசியைக் கலைத்து ஆளாளுக்குப் பங்கு போடுவதற்கும் சட்டம் இருந்தது. போடும்போது ஒன்று முகம் காட்டிவிட்டால் எல்லாவற்றையும் வாரிக் கலைத்துத் திரும்பப் போடவேண்டும். ஆனால் அதைப் போட்டவன் வாயாலேயே சொல்லவேண்டும்; மற்றவர்கள் கையில் எடுக்க முன்னம் சொல்லவேண்டும். "மற்றவன் சொன்னாச் சண்டை. போட்டவன் சொன்னா விளையாட்டு" என்பார்.

மூன்று வருசத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. இஞ்சின் பார்க்கும் கிண்ணியாக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், என் சோடி. எதிர்ச்சோடி சுக்கானியாரும் கயிறு போடுகிறவரும். போடுகிற முறை என்னுடையது. சாம்பல்தீவில் என் மனைவிக்கு வயிற்றில் முதல் பிள்ளை. நாள் இன்னும் கிடந்தது, ஆனால் காலையிலிருந்தே எனக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு பயம். காக்காவுக்குப் போட்ட கடதாசியில் ஒன்றைக் காற்று நிமிர்த்தியது. இஸ்பேட் ஜாக். முந்நூற்றிநாலில் ஜாக்குக்கு மேலே ஒன்றும் இல்லை. விரலால் அமத்திவிட்டேன். காக்கா பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார், காணவில்லை.

சுக்கானியார் மட்டும் தன் கடதாசிகளை எடுக்கவில்லை. அவற்றின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"சரியோ தம்பி? எடுக்கலாமோ?"

"ஓம் ஐயா."

"என்ன சுக்கானியார், கடதாசிக்கு முட்டை வைச்ச மாதிரி அடைகாக்கிறீங்க? எடுங்க" என்றார் காக்கா.

எடுத்தார். காக்காவிடம் ஜாக் கிடப்பது தெரிந்ததால், நான் ஏலத்தில் துணிந்து கூடக் கேட்டு, இஸ்பேட்டையே துரும்பாகக் கவிழ்த்து வைத்தேன். வென்றோம்.

அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், மனைவி கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் ஓடி வந்தனீங்கள்? இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளோடு இருந்து அந்தக் கச்சானைத் தின்றேன். அதே ஞாயிறு கந்தளாய் வீட்டிலிருந்து சுக்கானியாரின் மகன் கட்டாருக்குப் போக விமான நிலைய வானில் ஏறினான். தகப்பன் ஜெற்றியில் நின்று போனில் வழியனுப்பினாராம். திங்கட்கிழமை கயிறு போடுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் சுக்கானியார் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். போன வருசம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை; செத்த வீட்டையும் போனில்தான் பார்த்தான்.

அவர் அன்றைக்குக் கண்டவரா, இல்லையா? கண்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். அவர் சட்டம் அப்படி. அந்தக் கை கடதாசியின் மேல் கிடந்த அளவு நேரமும், நானே சொல்லட்டும் என்று எனக்காகத்தான் கிடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்று காலை மகன் ஜெற்றிக்கு வந்தான். நெற்றி, நடை எல்லாம் தகப்பன். பெட்டியைத் துடைத்துப் பலகையில் வைத்தேன். "இதுவோ அண்ணை?" என்று கையை நீட்டினான். வீட்டில் பாடமாக்கி வைத்திருந்த கதை எல்லாம் மறந்துபோயிற்று. மூடியின் மேல் என் கையை வைத்தேன்.

"பொறும் தம்பி. எடுக்க முன்னம் ஒண்டு சொல்லவேணும். நான் போட்டதில ஒரு பிழை கிடக்கு."